கோயிலில் தாலி, அமெரிக்காவில் பதிவு: விசா அதிகாரி ஏற்பாரா?

கேள்வி: எனக்கு 32 வயது. முதல் திருமணம் பரஸ்பர சம்மதத்தின் பேரில் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 9 வயதில் மகள் இருக்கிறாள். நான் இந்து. என்னை மணக்கப்போகிறவர் அமெரிக்கக் குடிமகன், கிறிஸ்தவர். கடந்த ஆண்டு இரண்டு முறை வந்து எங்கள் வீட்டாரைப் பார்த்துப் பேசினார். தை மாதம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பிறகு 'கே-1' விசாவில் போய் அங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார் விசா ஏஜென்ட். என்னிடம் சுற்றுலா விசாவும் இருக்கிறது. அதிலேயே போய்விட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஏஜென்ட் சொல்வது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதை.

கே-1 என்பது இன்னும் திருமணமாகாதவருக்கான விசா. அமெரிக்கா போய் இறங்கிய 90 நாட்களுக்குள், மனு போட்டவரையே மணக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நேர்காணலில் உங்கள் போட்டோவில் மாலையும் கழுத்தில் தாலியும் தெரிந்தால், "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே, இந்த விசா எதற்கு?" என்றுதான் அதிகாரி கேட்பார். மனு திருப்பி அனுப்பப்படும். செலவும் காத்திருந்த மாதங்களும் வீண்.

சரி, மனைவி என்றே சொல்லிப் போகலாமே என்றால் அதுவும் நடக்காது. இந்துத் திருமணச் சட்டம், 1955 செல்லுபடியாக மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். அவர் கிறிஸ்தவர் என்பதால், கோயிலில் கட்டிய தாலி மட்டும் சட்டப்படியான திருமணம் ஆகாது. கே-1 கேட்டால் 'திருமணமானவர்', மனைவி விசா கேட்டால் 'திருமணமாகாதவர்' என்று இரு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்துவாக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டின் 1967 திருத்தத்தின் மூலம் வந்த 7-ஏ பிரிவுப்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது திருமணமே. 'வெறும் நிச்சயதார்த்தம்தான்' என்று நீங்கள் நினைத்த நிகழ்ச்சியின் ஆல்பத்தை வைத்தே கேள்வி வரலாம். கே-1 வழியில் போகிறவர்கள் நிச்சயத்தைத் தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முகநூலில் 'என் கணவர்' என்று எழுதுவதும், அவர் வருமான வரிப் படிவத்தில் உங்களை மனைவி என்று காட்டுவதும் இதே வம்பைக் கொண்டுவரும்.

சுற்றுலா விசாவுக்கு வருவோம். அதில் போய்த் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினால் தவறில்லை. அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து "சுற்றிப்பார்க்க வந்தேன்" என்று சொல்வதுதான் குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது முகூர்த்தப் புடவையும், அசல் பட்டச் சான்றிதழ்களும், மகளின் மாற்றுச் சான்றிதழும் இருந்தால் அதிகாரிக்கு வேறு சாட்சியே வேண்டாம். உடனடி வெளியேற்ற உத்தரவு வந்தால் 5 ஆண்டுத் தடை. பொய்த்தகவல் தந்ததாக முடிவானால் அது ஆயுள் தடை. அமெரிக்கக் கணவருக்குக் கடும் இன்னல் என்று நிரூபித்துத் தனியாக விலக்கு வாங்க வேண்டியிருக்கும். சீக்கிரம் முடிக்கப்போய் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழி இது.

என் யோசனை: சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ் இங்கேயே திருமணத்தை முடியுங்கள். அதன் பிறகு சிஆர்-1 எனப்படும் மனைவி விசாவுக்குப் போங்கள். கே-1 இளம் ஜோடிகளுக்குப் பொருந்தலாம். குழந்தையோடு போகிற, போன உடனே வேலைக்கும் போக வேண்டிய உங்களுக்கு அது ஒத்துவராது. சிஆர்-1-இல் விமானத்தை விட்டு இறங்கும்போதே நீங்கள் நிரந்தரவாசி. மறுநாளே வேலைக்குப் போகலாம். கே-1-இல் போனால் அங்கே திருமணம் முடித்து, கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 மனு போட்டு, வேலை அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் முன் அனுமதி இல்லாமல் ஊருக்கு வந்தால், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று வந்தாலும் சரி, மனு கைவிடப்பட்டதாகிவிடும்.

கட்டணமும் அதையே சொல்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கணக்குப்படி, கே-1 வழியில் அவர் முதலில் போடும் ஐ-129எஃப் மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, பிறகு ஐ-485-க்கு 1,440: ஆக 2,380. சிஆர்-1-இல் மனைவிக்காக அவர் போடும் ஐ-130 மனு காகிதத்தில் 675 (இணையத்தில் 625), விசா 325, பொருளாதார உறுதிமொழிப் பரிசீலனை 120, கிரீன் கார்டு அச்சிட 235: ஆக 1,355. இது ஒரு ஆளுக்கு. மருத்துவப் பரிசோதனை தனி. கட்டணம் மாறக்கூடியது, மனு போடும் நாளில் படிவத்தின் பக்கத்தில் இருக்கும் தொகையைச் செலுத்துங்கள். குறைவாகக் கட்டினால் மனு அப்படியே திரும்பி வரும்.

பதிவுக்கு என்ன செய்வது? திருமணப் பதிவாளரிடம் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நாளுக்கு முன் உங்களில் ஒருவர் 30 நாட்களாவது அந்தப் பதிவாளரின் மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் அங்கேயே இருப்பதால் அது பிரச்சினையில்லை. நோட்டீஸில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அது 30 நாள் அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஏற்கெனவே வேறு துணை உயிரோடு இருப்பது, வயது குறைவு, மனநலம், தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவற்றின் பேரில்தான் ஆட்சேபிக்க முடியும். 'அண்ணனுக்குப் பிடிக்கவில்லை' என்பது ஆட்சேபம் ஆகாது. 30 நாள் கழிந்து, நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு திருமணம் நடக்க வேண்டும். தவறினால் மறுபடி நோட்டீஸ். ஆகவே அவர் ஆறு வாரம் விடுப்பு எடுக்கலாம், அல்லது இரண்டு முறை வரலாம். இரண்டாவது பயணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் தேதி பேசிவிடுங்கள். அவர் திருமணமாகாதவர் என்பதற்கு அமெரிக்காவில் ஒரே மைய அலுவலகம் சான்று தருவதில்லை. பிரமாணப் பத்திரம்தான் வழி. எந்த மாதிரி வேண்டும் என்பதைப் பதிவாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கோயிலில் தாலி கட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அம்மா ஆசைக்காக முகூர்த்தத்தைப் பதிவு நாளுக்கு மறுநாளே வைக்கலாம். முந்தின நாள் மட்டும் வேண்டாம். படிவங்களில் திருமணத் தேதி என்று எழுதுவது பதிவுத் தேதியை.

மகள் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கே-1-இல் குழந்தையின் பெயரை அதே மனுவில் சேர்த்தால் போதும். சிஆர்-1-இல் அப்படியல்ல. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்குப் போட்ட மனு குழந்தையைத் தன்னோடு இழுத்துவராது. மாற்றாந்தந்தை (தாயின் கணவர்) என்ற முறையில் அவர் மகளுக்கென்று தனி ஐ-130 போட வேண்டும். மகளுக்கு 18 வயது நிறைவதற்குள் உங்கள் திருமணம் நடந்திருந்தால் அந்த உறவு செல்லும். தங்கள் மனுவிலேயே குழந்தையின் பெயரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு, விசா கையில் வந்த பிறகு குழந்தையை விட்டுவிட்டுப் போக நேர்ந்திருக்கிறது. இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள்.

பெயர்களையும் சரிபாருங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கும், பிறப்புச் சான்றில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், விவாகரத்துத் தீர்ப்பில் பழைய கணவர் பெயர் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் தெரியும் என்ற மொழிபெயர்ப்பாளர் உறுதியும் தேவை. காவல்துறைத் தடையின்மைச் சான்றை முன்கூட்டியே வாங்கிப் பழசாக்கிவிட வேண்டாம்.

உங்களை மணப்பவரின் வருமானம் மூன்று பேர் குடும்பத்துக்கான அமெரிக்க வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் இன்னொருவர் கூட்டு உறுதி தரலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் நீங்கள் அங்கே போனால் கார்டு இரண்டு ஆண்டுக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், கார்டை நிரந்தரமாக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட்டாக வேண்டும். அந்த இரண்டு ஆண்டுக்குள் அவர் அடித்துத் துன்புறுத்தினால் கார்டுக்காகப் பொறுத்துப்போக வேண்டியதில்லை. அவர் கையெழுத்தில்லாமல் நீங்களே அந்த மனுவைப் போட வழியிருக்கிறது.

இப்போதே செய்ய வேண்டியது: நீதிமன்றத்தில் தீர்ப்பு, டிக்ரி இரண்டின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். அதில் மகள் யார் பொறுப்பில் என்பதைப் படியுங்கள். பரஸ்பர சம்மத மனுக்களில் 'ஞாயிற்றுக்கிழமை தந்தை பார்க்கலாம்' என்று ஒரு வரி இருப்பது வழக்கம். அது இருந்தால், மகளை வெளிநாடு அழைத்துப் போவது அந்த உத்தரவை மீறுவதாகும். மகளின் தந்தையுடைய சம்மதப் பத்திரத்தோடு அதே நீதிமன்றத்தில் உத்தரவை மாற்றக் கேளுங்கள். அவர் மறுத்தால் நீதிமன்றமே அனுமதி தர வேண்டியிருக்கும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால், திருமண நோட்டீஸ் கொடுக்கும் அதே வாரத்தில் இந்த மனுவையும் போட்டுவிடுங்கள்.