ஜகார்த்தா ஏழு ஆண்டில் நான்கு மடங்கு ஆனதா?

கேள்வி: உலகின் பெரிய நகரம் டோக்கியோ என்று படித்தோம். 2025 நவம்பரில் வந்த ஐ.நா. பட்டியலில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடி பேருடன் முதலிடம். 2018 பட்டியலில் அது ஒரு கோடிச் சொச்சம்தானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அளவுகோல் மாறியிருக்கிறது. முன்பு அந்தந்த நாடு காட்டிய எல்லையையே ஐ.நா. எடுத்துக்கொண்டது. ஜகார்த்தாவுக்குத் தலைநகர் மாகாணம் மட்டும். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1.06 கோடி பேர். டோக்கியோவுக்கோ சுற்றுப்புறத்தையும் சேர்த்து 3.7 கோடி. இப்போது எல்லா நாட்டையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கட்டத்துக்கு 1,500 பேராவது இருந்து, அப்படிப்பட்ட கட்டங்கள் ஒட்டிக் கிடந்து, மொத்தம் 50,000 பேர் தேறினால் அது நகரம். தாங்கெராங், பெகாசி, டெப்போக் என வீடுகள் இடைவெளி இல்லாமல் தொடர்வதால், அத்தனையும் ஜகார்த்தா கணக்கில் சேர்ந்துவிட்டன. அதே அளவுகோலில் டோக்கியோ 3.3 கோடியாகக் குறைந்து, டாக்காவுக்கும் பின்னால் மூன்றாமிடம் போயிற்று. இரண்டு பட்டியல்களின் எண்களையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துவிடாதீர்கள். இல்லாத வளர்ச்சி அதில் தெரியும்.

கேள்வி: இலங்கையில் நகரவாசிகள் 18 சதவீதம்தான் என்பது உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: 2012 கணக்கெடுப்பில் 18.2 சதவீதம். ஆனால் அங்கே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டுமே நகரவாசிகளாக எண்ணுகிறார்கள். 1987இல் சிறு நகரங்களின் பட்டின சபைகள், கிராமப்புற உள்ளாட்சிகளான பிரதேச சபைகளுக்குள் போனபோது, கடைத்தெரு நிறைந்த ஊர்களும் கிராமக் கணக்கில் விழுந்தன. கொழும்பை அடுத்த ஹோமாகமவும் பிரதேச சபைதான்.

இந்தியாவில் இதற்கு நேர்மாறு. ஊராட்சியாகவே இருந்தாலும் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் முக்கால்வாசி வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் பொருந்தினால் அது 'கணக்கெடுப்பு நகரம்'. 2001இல் இத்தகைய ஊர்கள் 1,362. 2011இல் ஏறத்தாழ 3,900. இதனால்தான் கேரளம் பத்தே ஆண்டில் 26 சதவீதத்திலிருந்து 47.7க்குத் தாவியது.

கேள்வி: இந்திய நகர மக்கள்தொகை 2001–2011இல் 28.6 கோடியிலிருந்து 37.7 கோடி. ஆண்டு வளர்ச்சி 3.18 சதவீதம் என்று எழுதலாமா?
– ஆசிரியர், கரூர்

பதில்: கூடாது. பத்தாண்டு வளர்ச்சியான 31.8ஐப் பத்தால் வகுத்தால், கூட்டுவட்டி போல ஏறுவது விடுபட்டுப்போகும். 37.7ஐ 28.6ஆல் வகுங்கள்: 1.318. அதன் பத்தாம் படிமூலம் 1.028. ஆக, ஆண்டுக்கு 2.8 சதவீதம். 70ஐ ஆண்டு வளர்ச்சி சதவீதத்தால் வகுத்தால், இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பது தோராயமாகக் கிடைக்கும். 70ஐ 2.8ஆல் வகுத்தால், இதே வேகத்தில் இரட்டிப்பாக 25 ஆண்டு. கூடிய 9.1 கோடிப் பேரையும் பிழைக்க வந்தவர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். நகரத்திலேயே பிறந்தவர்களும், இருந்த இடத்திலேயே தங்கள் ஊர் நகரமானதால் கணக்கில் ஏறியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.