ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ரோட்டில் ஓட்டுகிறேன், எந்த டயர் போடுவது?

டொராண்டோ பக்கம் புதிதாக டொயோட்டா ஜிஆர்86 வாங்கியிருக்கிறீர்கள். தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறீர்கள், வார இறுதியில் கேலடன் பக்கத்து வளைவுகளில் ஓட்ட ஆசை. காரோடு வந்த 17 இன்ச் டயரைக் கழற்றிவிட்டு 200 ட்ரெட்வேர் டயர் (ட்ரெட்வேர் என்பது டயரின் தேய்மான எண், குறைவாக இருந்தால் பிடி அதிகம், சீக்கிரம் தேயும்) போடலாமா, 225 மி.மீ. அகலத்துக்குப் போகலாமா, இல்லை ஒரே ஆல்-சீசன் செட்டில் வருடம் முழுக்க ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மிசிசாகாவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2017 டொயோட்டா 86, உங்கள் காருக்கு முந்தைய தலைமுறை. எனக்கும் அதுதான் தினசரி வண்டி. என் பதில் இதுதான்: இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஒரு நல்ல சம்மர் டயர், மீதி மாதங்களுக்கு முழு விண்டர் டயர். 200 ட்ரெட்வேர் வேண்டாம். 225 தேவையில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் ஒரு தடவை பயந்திருக்கிறேன்.

2019 நவம்பரில் ஒரு காலை. முதல் நாள் வரை வெயில் அடித்ததால் டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தேன். போட்டிருந்தது நல்ல சம்மர் டயர், பாதிகூடத் தேயவில்லை. எரின் மில்ஸ் பார்க்வேயிலிருந்து 403 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் போய்க்கொண்டிருந்தேன். சாலை காய்ந்துதான் இருந்தது, பனி இல்லை, ஐஸ் இல்லை. டேஷ்போர்டில் 2 டிகிரி காட்டியது. வழக்கமாக எடுக்கும் வேகத்தைவிடக் குறைவாகத்தான் திருப்பினேன். வளைவின் நடுவில் லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் அப்படியே வெளியே போய்விட்டது. கோடையில் இதே டயர் வழுக்குவதற்கு முன் முனகும், ஸ்டியரிங் லேசாகும், நமக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். அன்று எதுவுமே இல்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு மினுமினுத்தது, நானும் எதிர்ப்பக்கம் திருப்பினேன், வண்டி நேரானது. பக்கத்தில் வேறு வண்டி இல்லாததால் தப்பித்தேன்.

ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுக் குனிந்து டயரின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். ஜூலையில் நகம் பதியும், அடையாளம் ஒரு நொடி நின்று மறையும். அன்று காலை பிளாஸ்டிக் வாளியின் விளிம்பை அழுத்துவது போல இருந்தது. 403-இல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவந்த பிறகும் அப்படித்தான்.

ரப்பருக்கென்று ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே இறங்க இறங்க அது நெகிழ்வை இழந்து கண்ணாடி மாதிரி விறைக்கும். டயரின் பிடிமானத்தில் பெரும்பங்கு, தாரில் இருக்கும் பொடிக்கற்களின் மேடுபள்ளத்துக்குள் ரப்பர் புகுந்து கவ்வுவதிலிருந்து வருகிறது. விறைத்த ரப்பரால் கவ்வ முடியாது. சம்மர் டயர்களுக்கு 7 டிகிரியை எல்லையாகச் சொல்வது இதனால்தான். காலையில் காரை எடுக்கும்போது தொடர்ந்து அந்த எண்ணுக்குக் கீழே காட்ட ஆரம்பித்தால் சம்மர் டயரின் காலம் முடிந்தது. நல்ல உறைபனியில் அந்த டயரை ஓட்டினால் பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளில், வெடிப்பு விழும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அதனால் கழற்றிய செட்டைச் சூடு இல்லாத கராஜில் போடாமல் வீட்டு பேஸ்மென்ட்டில் அடுக்கி வையுங்கள்.

சரி, அப்படியானால் ஒரே ஆல்-சீசன் செட் போதாதா? மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 மாதிரி டயர்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. வான்கூவர் பக்கம் இருந்தால் அதையே போடச் சொல்லியிருப்பேன். ஆனால் நம் ஊர் ஜனவரியில், பின்சக்கரத்தில் இழுக்கும், 1,300 கிலோகூட இல்லாத ஒரு காரை, இரவில் விழுந்து காலையில் இறுகிப்போன பனியில் ஓட்ட அது போதாது. வண்டி கிளம்புவதுகூடப் பெரிய விஷயமில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். மலை உச்சியும் பனித்துகளும் வரைந்த சின்னம் உள்ள முழு விண்டர் டயர் வாங்குங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் இங்கே கார் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தரவேண்டும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள். செலவு இரட்டிப்பாகிறதே என்று தோன்றும். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாமல் தூங்குகிறது. நான்கைந்து வருடக் கணக்கில் பார்த்தால் கூடுதலாகப் போவது பெரும்பாலும் இரண்டாவது செட் ரிம்முக்கும் காற்றழுத்த சென்சாருக்கும்தான்.

இப்போது 200 ட்ரெட்வேர். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா நியோவா ஏடி09 மாதிரி டயர்கள் கையுகா, போமன்வில் ரேஸ் டிராக்குகளில் நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கானவை. உங்கள் கேள்வியில் டிராக் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் முழுமையாக வேலை செய்யும், வேலைக்குப் போகும் அரைமணி நேரத்தில் அந்தச் சூடு ஏறாது. தண்ணீர் வெளியேறும் காடிகள் குறைவு என்பதால் தேங்கிய மழைநீரில் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். சத்தம் அதிகம், தேய்மானமும் அதிகம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த டயர் பிடிவிடும் வேகம் சாலையில் நீங்கள் போகவே கூடாத வேகம். ஒன்டாரியோவில் 80-க்குக் குறைவான வேகவரம்பு உள்ள சாலையில் 40 கி.மீ. கூடுதலாகப் போனாலே ஸ்டன்ட் டிரைவிங் என்ற குற்றம். அங்கேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும், காரை 14 நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் சாலையின் அந்தக் கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். சைக்கிள்காரர்கள் வருவார்கள், மரநிழலில் ஈரம் காயாமல் கிடக்கும், யாரோ கொட்டிவிட்டுப் போன சரளைக்கல்லும் இருக்கும். அங்கே நமக்கு வேண்டியது, பிடிவிடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி மெதுவாக விடும் டயர்.

டொயோட்டா இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறது. என் காரோடு வந்த மிஷெலின் ப்ரைமஸி எச்பி ஒரு சாதாரண டூரிங் டயர், ப்ரியஸ் காரிலும் வந்தது. உங்கள் 17 இன்ச் ரிம்மிலும் அதுதான் இருக்கும். பிடிமானம் குறைவு, அதனால் குறைந்த வேகத்திலேயே காரின் குணம் கைக்குத் தெரியும். அதைக் குப்பை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேயும்வரை ஒரு கோடை முழுக்க அதிலேயே ஓட்டிப் பழகுங்கள். ஈரத்தில் மட்டும் ஜாக்கிரதை. நான் அதை மாற்றியதற்கு ஒரே காரணம் மழையில் பிரேக்கிங்தான்.

அதை ஒரு கணக்கில் சொன்னால் புரியும். ஈரச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். உராய்வுக் கெழு (டயர் சாலையைப் பிடிக்கும் அளவு) 0.9 கிடைக்கும் டயரில் பிரேக் மிதித்த பின் நிற்க சுமார் 28 மீட்டர் ஆகும். அதே சாலையில் வேறொரு டயரில் 0.6தான் கிடைக்கிறது என்றால் 42 மீட்டர். இடையில் இருக்கும் 14 மீட்டரில் மூன்று கார் நிற்கும். அதைவிட முக்கியம், முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 46 கி.மீ. டயர் ஒப்பீடுகளைப் பார்க்கும்போது முதலில் ஈரச் சாலை பிரேக்கிங் எண்ணைப் பாருங்கள், அப்புறம் ஈர வளைவு. காய்ந்த சாலையில் லேப் நேரம் எவ்வளவு என்பது கடைசியில்.

ட்ரெட்வேர் எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். டெக்சாஸில் 400 மைல் சுற்றுப்பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைப் பார்த்து, தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். இந்தக் கம்பெனியின் 300-க்கும் அந்தக் கம்பெனியின் 340-க்கும் இடையில் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஏஏ, ஏ என்று போட்டிருக்கும் டிராக்‌ஷன் எழுத்தும் ஈரத்தில் நேர்க்கோட்டில் சக்கரம் லாக் ஆகி வழுக்கும்போது அளந்தது. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நான் இப்போது ஓட்டுவது கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02. மழையில் நம்பிக்கை தருகிறது, விளிம்பில் பதறுவதில்லை, விலையும் தாங்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசைக்குக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஸ்டியரிங் இன்னும் கூர்மையாக இருக்கும். உங்கள் காரின் 18 இன்ச் மாடலில் டொயோட்டாவே பைலட் ஸ்போர்ட் 4தான் போட்டுத் தருகிறது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

அளவைப் பொறுத்தவரை 215/45ஆர்17 அப்படியே இருக்கட்டும். 215 என்பது மி.மீ.யில் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் சைடுவால் (டயரின் பக்கவாட்டு) உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் இன்ச். சைடுவால் கிட்டத்தட்ட 97 மி.மீ. 18 இன்ச்சின் 215/40-க்குப் போனால் 86 மி.மீ. அந்த 11 மில்லிமீட்டர் மார்ச் மாதக் குழிகளில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றும். 225/45 போட்டால் டயரின் விட்டம் ஒன்றரை சதவீதம் போலக் கூடும், ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், சக்கரத்தின் எடை ஏறும். எடை குறைந்த இந்தக் காருக்கு அந்த அகலத்தால் சாலையில் பெரிய லாபம் இல்லை. லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) மட்டும் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. விண்டருக்கு 205/55ஆர்16 நல்ல அளவு, ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கிறதா என்று வாங்குவதற்கு முன் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடையில் நீங்களே நின்று பார்க்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. முதலாவது தேதி. டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி விலையில் நான்கு வருடப் பழைய டயரைப் புதிது என்று என்னிடம் கொடுக்கப் பார்த்தார்கள், இதைப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது, உள்பக்கம் வெளிப்பக்கம். இந்த வகை டயர்களில் பெரும்பாலும் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்காது, வெளிப்பக்கம் வரவேண்டிய சைடுவாலில் அவுட்சைடு என்று எழுதியிருக்கும். ஒரு கடையில் என் காரின் இடது பக்க இரண்டையும் திருப்பி மாட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டு வாசலில் கார் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது, சோப்பு நுரையைத் துடைத்தால் அந்தப் பக்கம் இன்சைடு என்று இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் நெடுஞ்சாலையில் வண்டி ஒரு மாதிரி அலைகிறதே என்று நான் அலைன்மென்ட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து அந்த எழுத்தைப் படித்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

புது டயரில் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மேல்பூச்சு தேய்ந்த பிறகுதான் உண்மையான பிடி வரும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ போல இறங்கும். சூடான கடைக்குள் 35 வைத்து மாட்டிய விண்டர் டயர், மைனஸ் 10-இல் மறுநாள் காலை 30-க்குப் பக்கத்தில் காட்டும், காற்று எங்கும் கசியவில்லை. நான்கும் ஒரே அளவு என்பதால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். என்றாவது இரண்டு மட்டும் புதிதாக வாங்க நேர்ந்தால் அவை பின்பக்கம் போகவேண்டும். தேய்மானக் கோடு 1.6 மி.மீ.யில் இருக்கிறது, அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மி.மீ. ஆனதுமே நான் மாற்றிவிடுகிறேன், கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடி ஓடித் தடம் பதிந்த இடத்தில் தேங்கும் தண்ணீரில் அதற்கு மேல் வைத்து ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை.

விண்டர் செட்டை செப்டம்பரிலேயே வாங்கி, மாட்டுவதற்கு அக்டோபர் தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த வாரத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த பிறகு அழைத்தால் எந்தக் கடையிலும் இரண்டு மூன்று வாரத்துக்கு இடம் இருக்காது.