பேர் நாக்கு நுனியில் நிற்கிறது: அறிவியல் புனைகதைப் பிரியர்களின் மறதிக் கேள்விகள்

முப்பது வருடம் கல்லூரியில் உளவியல் நடத்தினேன். அறிவியல் புனைகதை வாசிப்பது அதற்கும் முந்திய பழக்கம். இப்போது வயது 67. "ஒரு காலத்தில் எல்லாம் விரல் நுனியில் இருந்தது, இப்போது..." என்றுதான் வந்த கேள்விகளில் பாதி தொடங்குகின்றன. எனக்கும் அதே கதைதான். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி, வயது 66): டீச்சர், நாற்பது வருடமாக நண்பர்கள் வட்டத்தில் குவிஸ் நடத்துகிறவன் நான். போன வாரம் பேரன், "தாத்தா, விண்கலத்தில் ஆட்களைக் கொல்லுமே, அந்தக் கம்ப்யூட்டர் பேர் என்ன?" என்று கேட்டான். சிவப்புக் கண் தெரிகிறது, நிதானமான குரல் கேட்கிறது, சாகும்போது 'டெய்ஸி டெய்ஸி' என்று பாடுவதுகூட ஞாபகம் வருகிறது. பேர் மட்டும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்துக் குளிக்கும்போது 'ஹால்' என்று வந்தது, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் வருவது. இது டிமென்ஷியாவின் ஆரம்பமா?

இல்லை. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். உங்கள் சட்டி நிறைய இருக்கிறது, அகப்பைதான் அந்த நேரத்துக்கு எட்டவில்லை. நாக்கு நுனி நிலை என்று இதற்குப் பெயர். ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இருவர் 1966ல் இதை முதன்முதலாகச் சோதனைக்கூடத்தில் வரவழைத்துப் பார்த்தார்கள் (ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும் அதே வருடம்தான், குவிஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்). சொல் வராமல் தவிக்கும்போதும் அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பலரால் சரியாகச் சொல்ல முடிந்தது.

மூளையில் ஒரு சொல்லின் பொருளும் ஒலியும் தனித்தனியாக இருக்கின்றன. நடுவே உள்ள இணைப்பு, வயது ஏற ஏறவும், சொல்லைப் புழங்காமல் விட விடவும் தளர்கிறது. அதிகம் அடிபடுவது பெயர்கள்தான். 'இவர் தச்சர்' என்று சொன்னால் உளி, இழைப்புளி, மரத்தூள் வாசனை எல்லாம் கூடவே வரும். 'இவர் கோபால்' என்றால் என்ன வரும்? ஒன்றுமில்லை. 1987ல் ஒரு சோதனையில், ஒரே ஆங்கிலச் சொல்லைச் சிலருக்கு ஆளின் தொழிலாகவும் சிலருக்கு ஆளின் பெயராகவும் சொல்லிக்கொடுத்தார்கள். தொழிலாகக் கேட்டவர்களுக்குத்தான் அது நன்றாக ஞாபகம் இருந்தது. சொல் ஒன்றேதான், ஆனால் பெயராகும்போது மாட்டி வைக்க ஆணி கிடைப்பதில்லை.

இன்னொன்று. கால் மணி நேரம் போராடாதீர்கள். வராத சொல்லோடு அதிக நேரம் மல்லுக்கட்டினால், அடுத்த முறையும் அதே இடத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பேரனின் போனில் பார்த்துவிட்டு இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், நீங்கள் மறக்காத அந்தப் பாட்டை 1961ல் பெல் ஆய்வகத்தில் ஓர் ஐபிஎம் கணினி நிஜமாகவே பாடியது என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை, வயது 70): அதே ஹால் பற்றித்தான். அது இயங்கத் தொடங்கிய நாள் 1992 ஜனவரி 12 என்கிறேன் நான். 1997 என்று என் பழைய நண்பர் அடம்பிடிக்கிறார். "உனக்கு மறதி வந்துவிட்டது" என்றும் சொல்லிவிட்டார். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

போன் போட்டுப் பேசுங்கள் சார், இருவர் சொல்வதும் சரி. படத்தில் 1992. ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலில் 1997. இரண்டும் 1968ல் வந்தவை. அவர் புத்தகம் படித்தவர், நீங்கள் படம் பார்த்தவர். இதே இரட்டையரிடம் இன்னொரு சண்டையும் காத்திருக்கிறது: படத்தில் கப்பல் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்கு.

வயதில் முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் தகவல் அல்ல, 'இதை எங்கே பார்த்தேன், யார் சொன்னார்கள்' என்ற மூலம்தான். தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் விலாசம் உதிர்ந்துவிடும்.

கேள்வி (மதுரை): ஸ்டார் ட்ரெக்கில் 'பீம் மீ அப், ஸ்காட்டி' என்று கேப்டன் கிர்க் சொல்வது எந்த எபிசோடில்? தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

எதிலும் இல்லை. பழைய தொடரின் 79 எபிசோடுகளில் எதிலுமே கிர்க் அதே சொற்களில், அதே வரிசையில் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அப்படிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

மறதியைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது இதுதான். கல்லூரிக் காலத்தில் ஒரு குவிஸில் ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடரின் பிரபல வசனத்தைக் கேட்டார்கள். 'லூக், நான்தான் உன் அப்பா' என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். நடுவரும் சரி என்று பத்து மதிப்பெண் போட்டார். உண்மையில் வசனத்தில் 'லூக்' கிடையாது. 'இல்லை, நான்தான் உன் அப்பா' என்றுதான் வரும். முதல் படத்தில் சி-3பிஓ என்ற ரோபோவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வெள்ளி நிறம் என்பதையும் அதே வயதில்தான் கவனிக்காமல் விட்டேன். முழுத் தங்கம் என்று பந்தயம் கட்டியிருப்பேன்.

ஞாபகம் என்பது பதிவு செய்து வைத்த கேசட் அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று உளவியலாளர் பார்ட்லெட் 1932லேயே எழுதிவிட்டார். கேட்பவருக்குப் புரியவேண்டும் என்று நாமே 'லூக்' சேர்க்கிறோம். இருபது வயதில் நாம் சரியாகச் சொன்னோம் என்று நினைப்பதில் எத்தனை உண்மையிலேயே சரி? அன்று மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்று பக்கத்தில் போனோடு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான்.

கேள்வி (கோவை, வயது 61): அக்கா, 1983ல் படித்த அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசை அத்தியாயம் அத்தியாயமாக நினைவிருக்கிறது. இரண்டு வருடம் முன்பு படித்த லியூ சிஷினின் மூவுடல் முத்தொகுதியில் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட வரமாட்டேன் என்கிறது. பழசு இருக்கிறது, புதுசு நிற்கவில்லை. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம் தம்பி. ஃபவுண்டேஷனை எத்தனை முறை படித்தீர்கள்? நான் ஆறு முறை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பிரதி, கடைசி நான்கு பக்கம் கிழிந்திருந்தது. வேறொருத்தியிடம் முழுப் பிரதி வாங்கி, அந்த நான்கு பக்கத்தையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதி ஒட்டினேன். ஒட்டிய பசையைக் கரப்பான் அரித்த இடம்கூட இப்போதும் கண்ணில் நிற்கிறது. மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது, அந்தப் பிரதி என்னிடம் இருக்கிறது. படித்ததை அடுத்த நாள் டீக்கடையில் சண்டை போட்டுப் பேசுவோம். சண்டைதான் எங்களுக்குத் திருப்புதல். இரண்டு வருடம் முன்பு படித்ததை யாரிடம் பேசினீர்கள்?

அதோடு, பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை எல்லாருக்கும் கூடுதலாகவே நினைவிருக்கும். ஸ்பானிய மொழியைப் பள்ளியில் படித்துவிட்டுக் கைவிட்டவர்களை ஐம்பது வருட இடைவெளி வரை பாரிக் என்பவர் சோதித்தார். முடிவு 1984ல் வந்தது. முதல் சில வருடங்களில் நிறையப் போகிறது, அதன்பின் மிஞ்சியது பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கிறது. உங்கள் அசிமோவ் அப்படி மிஞ்சியது.

சீனப் பெயர்கள் நம் காதுக்குப் பழக்கமில்லாதவை. ரஷ்ய நாவல்கள் படித்த நாட்களில் முன் அட்டைக்குள் பெயர்ப் பட்டியல் எழுதி வைப்போமே, அதைச் செய்யுங்கள்.

கேள்வி (சேலம், வயது 63): அடுத்த மாதம் ஒரு குவிஸ். பழைய புத்தகங்களை எல்லாம் மறுபடி வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். சரிதானே?

இன்பத்துக்கு வாசியுங்கள், குவிஸுக்கு அது போதாது. புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். வராததை மட்டும் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி, பத்து நாள் கழித்து மறுபடி. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006ல் காட்டினார்கள். மறுவாசிப்பில் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): டீச்சர், என் அப்பாவுக்கு 72. சுஜாதா வெறியர். 'என் இனிய இயந்திரா'வை எங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி வளர்த்தவர். இப்போது அந்த இயந்திர நாயின் பெயர் ஜீனோ என்பதே வரவில்லை. 'அந்தக் குட்டி' என்கிறார். கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்டார். போன மாதம் தினமும் போகும் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். ஜீனோ கேள்விகளைக் கேட்டுக் கேட்டு ஞாபகத்தைத் திருப்பலாமா?

அம்மா, ஜீனோவை விட்டுவிடுங்கள். அது மறந்தால் பரவாயில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது மற்ற இரண்டும்தான். பழகிய வழி தெரியாமல் போவதும், கேட்டதே நினைவில்லாமல் அதையே மறுபடி கேட்பதும் வேறு வகை. பெயர் வராமல் தவிப்பவருக்குத் தான் மறந்தது தெரியும். கேள்வி கேட்டதே தெரியாமல் கேட்பவருக்கு அது தெரியாது. இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட. சில மாத்திரைகளே ஞாபகத்தை மந்தமாக்கும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, காது சரியாகக் கேட்காதது இவற்றாலும் இப்படி வரலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எப்போது ஆரம்பித்தது, எந்தெந்தச் சம்பவம் என்று தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் அப்பா நன்றாகவே பேசுவார், எல்லா அப்பாக்களும் அப்படித்தான்.

வீட்டில் அவருக்கு குவிஸ் வைக்காதீர்கள். 'அந்தக் குட்டி' என்றால் 'ஆமாம்ப்பா, ஜீனோ' என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். முடிந்தால் இப்போது நீங்கள் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): வல்லாரை, குறுக்கெழுத்து, சுடோகு, எது நல்லது?

வல்லாரைத் துவையல் சோற்றுக்கு நல்லது. கிளார்க் நாவல்களின் தலைப்புகள் அதனால் திரும்பி வராது. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, நடை, தேவைப்பட்டால் காதுக் கருவி. இவற்றுக்குச் செலவழியுங்கள்.

கேள்வி (பெங்களூரு, வயது 68): இளைஞர்கள் இரண்டு விநாடியில் போனில் எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லாரும் என்னைக் கேட்பார்கள். இப்போது என்னிடம் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது.

எனக்கும் வலித்தது, மறைக்கவில்லை. சில மாதம் முன்பு ஒரு பெண், அசிமோவின் மூன்று ரோபோ விதிகள் (மனிதருக்குத் தீங்கு வரவிடாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) முதலில் முழுதாக வந்த கதை எது என்று கேட்டாள். தலைப்பு வரவில்லை. அவளே போனில் பார்த்து 'ரன்அரவுண்ட், 1942' என்றாள். நான் கதையைச் சொன்னேன். புதன் கிரகம். செலினியம் எடுத்துவர அனுப்பிய ஸ்பீடி என்ற ரோபோ, செலினியக் குளத்தைச் சுற்றிச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கிறது. போகச் சொன்ன கட்டளை பலவீனமானது. விலை உயர்ந்த ரோபோ என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் விதியைக் கூடுதல் வலுவோடு வைத்திருக்கிறார்கள். கிட்டப் போனால் ஆபத்து தள்ளுகிறது, விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் அது குடித்தவன் மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டே வட்டமடிக்கிறது. கடைசியில் பவல் என்ற மனிதன் வெயிலில் இறங்கித் தன் உயிரைப் பணயம் வைக்கிறான், முதல் விதி மற்ற இரண்டையும் உடைக்கிறது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அடுத்த கதை?" என்றாள். அதன் தலைப்பும் வரவில்லை, கதை வந்தது.

கேள்வி (திண்டுக்கல்): கடைசியாக ஒரு சந்தேகம். சுஜாதாவும் ஆர்தர் கிளார்க்கும் ஒரே வருடம்தானே போனார்கள்? யார் முதலில்?

சுஜாதா. 2008 பிப்ரவரி 27. இலங்கையில் கிளார்க், மார்ச் 19. சரியாக மூன்று வாரம். எனக்கு இது மறக்காது, இரண்டு செய்திகளையும் பேப்பரிலிருந்து வெட்டி ஒரே புத்தகத்துக்குள் வைத்தேன். எந்தப் புத்தகம் என்று மட்டும் கேட்காதீர்கள், போன பொங்கலிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.