பாலியில் துலாம்பென் கரையோரம் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலை டைவ் செய்து பார்க்க ஓப்பன் வாட்டர் (முதல்நிலை ஸ்கூபா) சான்றிதழ் போதுமா? அங்கே என்ன கவனிக்க வேண்டும்?

போதும். ஓப்பன் வாட்டரின் எல்லை 18 மீட்டர். கப்பல் ஏறக்குறைய 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை சரிவில் கிடக்கிறது. வெளிச்சம் நன்றாக விழுவதும் பவளம் செழித்திருப்பதும் மேல்பாதியில்தான், அதனால் பெரிய இழப்பு இல்லை. அடிமணல் வரை போக ஆசையிருந்தால் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழை முடித்துவிட்டுப் போங்கள். "கைடு கூட வர்றார், 25 மீட்டர் போயிட்டு வரலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சான்றிதழ் எல்லையைத் தாண்டினால் பல டைவிங் காப்பீடுகள் பணம் தராது.

கதைச் சுருக்கம் இது. லிபர்ட்டி 1918-ல் கட்டிய சரக்குக் கப்பல். அமெரிக்கத் தரைப்படைக்காக ரப்பரும் ரயில்வே உதிரிகளும் ஏற்றி வந்தபோது, 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணை அருகே ஜப்பானின் ஐ-166 நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையில் தட்ட விட்டார்கள். 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்து, 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்து, வலப்பக்கம் சாய்ந்து படுத்தது. அதாவது, முழுசாக நீருக்குள் போய் அறுபது வருஷம்தான் ஆகிறது. சுற்றிலும் எரிமலைக் கறுப்பு மணல். நகர்ந்துகொண்டே இருக்கும் மணலில் பவள லார்வா ஒட்டாது. இரும்புத் தகடுதான் அவற்றுக்குக் கிடைத்த உறுதியான தளம்.

இனி முக்கியமான விஷயம். இங்கே ஆழத்தைவிடக் கரைக் கற்கள்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கின்றன. படகு தேவையில்லை, கரையிலிருந்தே நடந்து இறங்க வேண்டும். கரை முழுக்க உருண்டைக் கற்கள். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் உருளும். வெறுங்காலில் போடும் ஃபின் (நீந்தும் துடுப்பு) வேண்டாம். கெட்டியான அடியுள்ள பூட்டும் பின்பட்டை வைத்த ஃபின்னும் எடுங்கள். மாஸ்க் போட்டு, ரெகுலேட்டரை (மூச்சுக் கருவி) வாயில் வைத்து, பிசிடி-யில் (காற்றேற்றி மிதக்கும் ஜாக்கெட்) கொஞ்சம் காற்று ஏற்றிய பிறகே தண்ணீரில் கால் வைக்க வேண்டும். ஃபின் கையில் இருக்கட்டும், மார்பளவு தண்ணீரில் மாட்டலாம். இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் நடங்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், அடுத்த அலை மறுபடி தள்ளும். காற்றை ஏற்றி மிதந்தபடியே ஆழத்துக்கு நகர்ந்துவிடுங்கள். திரும்பி வரும்போது ரெகுலேட்டரையும் மாஸ்க்கையும் கரை ஏறும்வரை கழற்றக் கூடாது. அலை பெரிதாக இருந்தால் தவழ்ந்தே ஏறுங்கள், அதில் வெட்கமில்லை. மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை அலை கூடுதல். சில நாள் இறங்கவே முடியாது. சிலிண்டரைக் கரைவரை கொண்டுபோக உள்ளூர்ச் சுமை தூக்குவோர் இருக்கிறார்கள். பெண்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் கற்கள் மேல் சாதாரணமாக நடப்பதைப் பார்த்தால் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

காற்றுக் கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள். 11 லிட்டர் சிலிண்டர், 200 பார் (அழுத்த அலகு) என்றால் 2200 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பு போக 1650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், அழுத்தம் மூன்று மடங்கான 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார்; அங்கேயே இருந்தால் 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 10 மீட்டரில் அதே காற்று 41 நிமிடம் வரும். எனவே ஆழமான பகுதியை முதலில் முடித்து, மெல்ல மேலேறி, கடைசி இருபது நிமிடத்தைக் கப்பலின் மேல்விளிம்பில் கழியுங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்பையும் (மேலே வருமுன் நின்று காத்திருப்பது) கப்பலைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் சிலிண்டர் கிட்டத்தட்ட 2 கிலோ எடை குறைந்திருக்கும். இடுப்பு ஈய எடையைக் குறைவாகக் கட்டியவர்கள் சரியாக அங்கேதான் மேலே மிதந்து போகிறார்கள். எடைச் சோதனையை 50 பார் சிலிண்டரோடு செய்வதே சரி. அட்வான்ஸ்டு உள்ளவர்களுக்கு 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) பயனுள்ளது, 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தக் கணக்கில் அதன் எல்லை 33 மீட்டர், கப்பல் முழுதும் அதற்குள் அடங்கும்.

உயிரினங்களுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் துலாம்பெனிலோ அமெட்டிலோ இரவு தங்கி, காலை 6 மணிக்கு இறங்குங்கள். தென் பாலியிலிருந்து வரும் வேன்கள் பத்து மணிவாக்கில் வந்துவிட்டால் கப்பல் சந்தைக் கடையாகிவிடும். கூட்டம் மட்டும் காரணமல்ல. திமில் நெற்றிக் கிளிமீன்கள் இரவில் கப்பலுக்குள் தூங்கி, விடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றும் மீன் இது. ஒரு பெரிய மீன் ஆண்டுக்கு 5 டன் வரை தின்னும். துரத்தினால் போய்விடும், ஓரமாக அசையாமல் இருந்தால் பக்கத்திலேயே கடந்து போகும்.

பாரை மீன் கூட்டம் சுழல்வதைப் பார்க்காமல் வராதீர்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உள்ள மணல் சரிவை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், அது தப்பு. தோட்ட விலாங்குகள் அங்கேதான் மணலிலிருந்து பாதி உடம்பை நீட்டி ஆடும். மூச்சை மெல்ல விட்டால்தான் உள்ளே போகாமல் இருக்கும். கடல் விசிறிகளில் குட்டிக் கடற்குதிரை உண்டு. இரண்டு செ.மீ.கூட இருக்காது, நிறமும் விசிறியின் நிறமே. கைடு காட்டாமல் கண்டுபிடிப்பது கஷ்டம். விசிறியைத் தொட்டுத் திருப்புகிற கைடை அங்கேயே தடுத்துவிடுங்கள். கடற்குதிரைக்கு இமை கிடையாது, ஃபிளாஷை அளவோடு வையுங்கள்.

பெரிய கிளாத்தி மீன் முட்டையிட்டிருந்தால் கடிக்க வரும். அது காக்கும் எல்லை கூம்பு வடிவில் மேல்நோக்கி விரிவது, அதனால் மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். இரும்பில் பிடிக்க ஆசையாக இருக்கும்; தகட்டில் தொட்டால் சொறியும் ஹைட்ராய்டு எனும் கடலுயிரிகளும், அசையாத தேள்மீன்களும் இருக்கும். முள் குத்தினால், சுடாத அளவுக்கு, ஆனால் தாங்கக்கூடிய சூட்டில் (சுமார் 45 டிகிரி) வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊறவைத்து மருத்துவரைப் பாருங்கள்.

கப்பல் உடைந்து திறந்து கிடப்பதால் உள்ளே நுழையத் தோன்றும். மறுபக்க வெளிச்சம் தெரியும் அகலமான இடங்களைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள். தகடுகள் துருப்பிடித்து மெலிந்தவை. ஃபின் கிளப்பும் வண்டல் நொடியில் கண்ணை மறைக்கும்.

டைவ் முடிந்த அன்றே கிந்தாமணிக்குக் கார் எடுப்பது பயணத் திட்டங்களில் சகஜமாக நடக்கும் பிழை. அது சுமார் 1500 மீட்டர் உயரம்; டைவ் முடிந்த உடனே உயரம் ஏறுவது ஆபத்து. விமானத்துக்குச் சொல்லும் இடைவெளியே அதற்கும் பொருந்தும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. மலையைப் பயணத்தின் முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.