இது இரத்தக் குழாய் 'புளொக்' இல்லை, அம்மா

கேள்வி: டொக்டர், என் மகன் சுவிஸில் ஜெனீவாவில் இருக்கிறார். மருமகள் பொலிவியா நாட்டுப் பிள்ளை, வயது 33. கொச்சபம்பா பக்கம் ஒரு கிராமத்தில் மண் வீட்டில் வளர்ந்தவ. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஜெனீவாவில் இரத்தம் சோதித்து, சாகஸ் என்ற வருத்தம் இருக்கிறது என்றார்கள். பிறந்த பிள்ளைக்குத் தொற்றவில்லை. புத்தாண்டுக்கு இங்கே வந்த இடத்தில், கோயிலில் வெயிலுக்குள் நின்றவ தலைசுற்றி அப்படியே இருந்துவிட்டா. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் 'புளொக்' என்றார்கள். சுகமான ஆட்களுக்கும் இப்படி இருக்கும், பயப்படத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். சாகஸ் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. இப்போது வீட்டில் சிலர் அவவுக்குக் கோப்பையைப் புறம்பாக வைக்கச் சொல்கிறார்கள். மூன்று கிழமையில் பயணம். ஈ.சி.ஜி. தாளைப் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். — ஒரு மாமியார், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்தக் கோப்பையைப் பழைய இடத்திலேயே வையுங்கள். சாகஸ் ஒன்றாகச் சாப்பிடுவதால் தொற்றாது, கட்டியணைப்பதால் தொற்றாது, இருமலில் தொற்றாது. தென் அமெரிக்கக் கிராமங்களில் மண் சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சி இருக்கிறது. பொலிவியாவில் அதை 'வின்சூக்கா' என்பார்கள். அதன் எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி, கடித்த காயத்தின் வழியாகவோ கண் வழியாகவோ உடம்புக்குள் போகும். பூச்சியின் எச்சம் கலந்த உணவு, தொற்றுள்ளவரின் இரத்தம், உறுப்பு தானம், தாயிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு என்பவை மற்ற வழிகள். உங்கள் மருமகளுக்குச் சிறுவயதில், தூக்கத்தில் வந்த வருத்தம் இது. இதில் அவ செய்த பிழை எதுவும் இல்லை.

நம் பக்கத்தில் மலேரியாவையும் யானைக்காலையும் அறியாதவர் இல்லை. சாகஸ் என்றால் மருத்துவர்களே ஒரு கணம் யோசிப்போம், ஏனென்றால் இங்கே அதைக் காண்பதே இல்லை. 1909இல் பிரேசில் நாட்டு மருத்துவர் கார்லோஸ் சாகஸ் இதைக் கண்டுபிடித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுதும் 60 முதல் 70 இலட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுதும் ஒன்றும் செய்யாது. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மட்டும், பத்து இருபது வருடம் கழித்து, இதயத்தில் தழும்பு விழத் தொடங்கும்.

ஈ.சி.ஜி. வேண்டியிருப்பது அந்தத் தழும்பைப் பிடிக்கத்தான். ஒட்டுண்ணி உடம்பில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது; அதற்கு இரண்டு வகையான இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒட்டுண்ணி இதயத்தில் எங்கே கைவைத்திருக்கிறது என்பதைத்தான் ஈ.சி.ஜி. காட்டும்.

'புளொக்' என்றதும் வீட்டில் எல்லோரும் மாரடைப்பு, ஸ்டென்ட் என்று பயந்திருப்பீர்கள். இது இரத்தக் குழாய் அடைப்பு இல்லை. இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் வந்த அடைப்பு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். இதயத்தின் மேலறையில் புறப்படும் மின்சாரம் நடுவில் ஒரு மதகைத் தாண்டி, கீழே மூன்று கிளையாகப் பிரியும்: வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வலக் கிளையும் இட முன்கிளையும் நூல் போல மெலிந்தவை. சாகஸ் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் முதலில் கெடுக்கும். வாய்க்கால் தூர்ந்தாலும் பக்கத்து வயலின் வரம்பு வழியாகக் கசிந்து தண்ணீர் வந்து சேரும். என்ன, பிந்தி வரும். அந்தப் பிந்தலைத்தான் தாளில் பார்க்கிறோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வி1 என்று எழுதியிருக்கும் வரியில், ஒரு கூர் எழ வேண்டிய இடத்தில் இரண்டு கூர் எழுந்து நிற்கின்றன. அந்த அலையின் அகலம் மூன்று சின்னக் கட்டங்களைத் தாண்டுகிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன், ஆகவே 0.12 செக்கனுக்கு மேல். இது வலக் கிளை அடைப்பு. ஒன்றாம் வரியில் அலை மேல்நோக்கி நிற்க, இரண்டாம் மூன்றாம் வரிகளில் கீழே இறங்குகிறது. இது இட முன்கிளை அடைப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு பெரிய கட்டங்கள் இருக்கின்றன. ஒரு நிமிடத்துக்குத் தாளில் 300 பெரிய கட்டங்கள் ஓடும்; அதை ஆறால் பிரித்தால் 50. நிமிடத்துக்கு 50 துடிப்பு. போன் படத்தை நம்பி முடிவு கட்டக்கூடாது, மூலத் தாளை நேரில் பார்க்க வேண்டும். ஆனாலும் கவலைப்பட வேண்டிய கோலம் இது.

உங்களுக்குச் சொன்ன மருத்துவரில் பிழையில்லை. வலக் கிளை அடைப்பு மட்டும் என்றால் எத்தனையோ சுகதேகிகளுக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது. ஆனால் சாகஸ் தொற்றுள்ள ஒருவருக்கு அதே கோடு வந்தால் அர்த்தம் வேறு: நோய் இதயத்தைத் தொட்டுவிட்டது என்று எடுக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லியிருந்தால் அவரும் வேறு விதமாகத்தான் யோசித்திருப்பார். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அம்மா. எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் வசனமே அதுவாக இருக்கட்டும்.

அந்தத் தலைச்சுற்றை வெயிலில் போட்டுவிடவும் என் மனம் ஒப்பவில்லை. சித்திரை வெயிலுக்கு யாருக்கும் தலை சுற்றும்தான். ஆனால் மூன்று கிளையில் இரண்டு அடைத்து, துடிப்பும் 50இல் நிற்கும் ஒருவருக்கு, மிஞ்சிய கிளையும் இடைக்கிடை விட்டுப்போகிறதா, இல்லை ஆபத்தான வேகத் துடிப்பு வந்து போகிறதா என்று தெரியாமல் விமானம் ஏற விடமாட்டேன். பத்து செக்கன் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது அகப்படாது. 24 மணி நேரம் உடம்பில் கட்டிவிடும் ஹொல்டர் கருவி வேண்டும். கூடவே எக்கோ என்ற இதய ஸ்கேன்: இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, நுனியில் பலூன் போல வீங்கியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். அந்த வீக்கத்துக்குள் இரத்தம் கட்டினால் பக்கவாதம் வரை போகும். இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் இருதய மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் மயங்கி விழுந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கீழ்ப்பாதை முழுதாக அடைபட்டாலும் பேஸ்மேக்கர் இருக்கிறது, ஆளைக் காப்பாற்றலாம்.

படபடப்புக்கு என்று பாமசியில் கேட்டு அட்டெனொலோல், புரொப்பிரனொலோல் போன்ற குளிசைகளைக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே மெதுவாக ஓடும் இதயத்தை அவை இன்னும் மெதுவாக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2006இல் பிரேசில் மருத்துவர்கள் சாகஸ் இதய நோயாளிகளின் ஆபத்தை அளக்க ஒரு புள்ளிக் கணக்கு வகுத்தார்கள். மூச்சுத்திணறலின் அளவு, எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருப்பது, எக்கோ, ஹொல்டர், ஈ.சி.ஜி. அலை குட்டையாக இருப்பது, ஆணாக இருப்பது என்று ஆறு விடயம் அதில் உண்டு. மருமகளின் அலைகள் குட்டையாக இல்லை, அவ பெண், மூச்சுத்திணறல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்ரேயும் எக்கோவும் ஹொல்டரும் சுத்தமாக வந்தால் ஆபத்துக் குறைந்த கூட்டத்தில்தான் இருப்பா.

ஒட்டுண்ணிக்கான மருந்து பென்ஸ்னிடசோல், வழக்கமாக 60 நாள் குளிசை. இதயம் ஏற்கெனவே பழுதான 2,854 பேரில் செய்து 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அது இதயம் மேலும் கெடுவதைக் குறிப்பிடும்படி தடுக்கவில்லை. அதனால் இதயத்துக்காக மட்டும் என்று எதிர்பார்க்காமல், ஜெனீவா மருத்துவரோடு இருந்து பேசி முடிவெடுக்க வேண்டும். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்து முடிப்பது நல்லது. அடுத்த பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பை அது வெகுவாகக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் அந்தக் குளிசை கூடாது.

ஈ.சி.ஜி. தாளைப் பற்றி ஒன்று. அது சூட்டில் எழுத்து விழும் தாள். அலுமாரிக்குள் வைத்தாலும் நாளடைவில் மங்கிவிடும், லமினேட் செய்தால் கறுத்துப்போகும். இன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து, திகதியைப் பேனையால் எழுதிவையுங்கள். கர்ப்ப காலத்தில் ஜெனீவாவில் எடுத்த ஈ.சி.ஜி. இருக்கும், அதையும் மகனிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இந்த அடைப்பு அப்போதே இருந்ததா, புதிதாக வந்ததா என்று தெரியும். புதிது என்றால் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இனி வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும்.

சின்னப்பிள்ளைக்குத் தொற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்த பிள்ளையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அது பிறக்கும்போது தாய்க்கு இந்த வருத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது, சோதித்திருக்கவும் மாட்டார்கள். பொலிவியாவில் இருக்கும் அவவின் சகோதரங்களுக்கும் இதே மண் வீடுதானே. சுவிஸுக்குப் போய் இறங்கியதும் மூத்தவருக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளை வயதில் கொடுத்தால் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும்.