பெயர் தெரியாத பயணிகள்

கேள்வி: ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’, ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ ஆகிய இரு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். இரண்டிலும் நியூயார்க், துப்பாக்கி முனையில் பணயக்கைதிகள், வெளியே போலீஸ். “ரெண்டும் ஒரே கதைதானே மாமா” என்கிறார் மருமகன். ஐ.சி.எஃப்.-இல் ரயில் பெட்டி கட்டி ஓய்வுபெற்ற எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் கருத்து என்ன?
– வாசகர், பெரம்பூர்

பதில்: மருமகன் சொல்வது முதல் பத்து நிமிடங்களுக்குப் பொருந்தும். ஜோசப் சார்ஜென்ட் 1974இல் இயக்கிய முதல் படத்தில், சுரங்க ரயிலைக் கைப்பற்றும் நால்வர், ஒரு மணி நேரத்துக்குள் 10 லட்சம் டாலர் வந்து சேராவிட்டால் நிமிடத்துக்கு ஒருவரைக் கொல்வதாக மிரட்டுகிறார்கள். அதன் பிறகு படத்தை நடத்துவது கடிகாரம்தான். தங்கள் தொழிலுக்கு நெருக்கமான இடம் ஒன்றும் அதில் உண்டு. ஓட்டுநர் கைப்பிடியை விட்டால் வண்டி தானே நின்றுவிட வேண்டும் என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டை ஏய்த்து, பயணிகளோடு வண்டியை ஓட்டுநர் இல்லாமல் ஓடவிட்டுக் கடத்தல்காரர்கள் சுரங்கத்திலேயே இறங்கிக்கொள்ள, போலீசோ சாலையில் அந்த ரயிலைத் துரத்திக்கொண்டிருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த படம் என்பதால் முடிவைச் சொன்னாலும் குற்றமில்லை: கடத்தல்காரர்களோடு ரேடியோவில் பேசியபோது கேட்ட அதே தும்மல், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி கேட்கிறது, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும், போலீஸ் அதிகாரியாக நடித்த வால்டர் மேத்தாவின் முகத்தோடு படம் உறைந்துவிடுகிறது.

சிட்னி லூமெட்டின் 1975ஆம் ஆண்டுப் படமோ, புரூக்ளினில் 1972 ஆகஸ்ட் 22 அன்று உண்மையிலேயே நடந்த வங்கிக் கொள்ளை முயற்சியை அடியொற்றியது. பெட்டகத்தில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் டாலர். புழுக்கத்தில் நேரம் நீள, உள்ளே பீட்சா வருகிறது; வாசலில் கூட்டம் கைதட்டுகிறது (வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சிறு சச்சரவுக்கே சேரும் கூட்டத்தைப் பார்த்த நமக்கு இதில் வியப்பில்லை). எந்த நாட்டுக்குத் தப்பிப் போகலாம் என்று கொள்ளையனாக நடிக்கும் அல் பசினோ கேட்க, கூட்டாளி சொல்லும் பதில் ‘வயோமிங்’. அது அமெரிக்காவிலேயே உள்ள ஒரு மாநிலம். சிரித்து முடிப்பதற்குள் நமக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது.

பரபரப்பு வேண்டுமென்றால் முதல் படத்துக்கு இணை குறைவு. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டாவதைத்தான். வெளியே வந்து தப்பிக்க வாய்ப்புக் கிடைத்தும், தன்னோடு வேலை செய்யும் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தானாகவே வங்கிக்குள் திரும்பிப் போகும் காசாளர் சில்வியாவை மறக்க முடியவில்லை. அந்த ரயிலில் இருந்த பயணி ஒருவரின் பெயரையாவது சொல்ல முடிகிறதா என்று மருமகனிடம் கேட்டுப் பாருங்கள்.