ரீபில்ட் அவுட்போர்டு மோட்டார்: பழைய பிஸ்டன் ஏன் போனது என்று கேட்டீர்களா?

கேள்வி: இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) ஒன்றை ரீபில்ட் செய்தது என்று சொல்லி விற்றார்கள். தண்ணீர் டிரம்மில் விட்டு ஓட்டிக் காட்டியபோது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கும் சீராக இருந்தது. படகில் மாட்டியபின் பாதி த்ராட்டில் வரை ஒழுங்காகப் போகிறது. அதற்கு மேல் கொடுத்தால் திணறி இறங்கிவிடுகிறது. பெட்ரோலில் ஆயிலைச் சரியான அளவில் கலந்துதான் ஊற்றுகிறேன். விற்றவரோ, "புது பிஸ்டன், டைட்டாகத்தான் இருக்கும். நன்றாக முறுக்கி ஓட்டுங்கள், ரன்னிங்-இன் (புது பாகங்கள் பதியும் தொடக்க ஓட்டம்) முடிந்தால் சரியாகிவிடும்" என்கிறார். நம்பலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: நம்ப வேண்டாம். முறுக்கி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உங்களுடையதைப் போல ஆயில் கலந்து ஊற்றும் மோட்டாரில், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயிலும் குறைகிறது. அதே நேரத்தில் கலவையில் காற்று மிகுந்து சூடும் ஏறுகிறது. போதிய ஆயில் இல்லாமல் சூடேறிய அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேகத்தில் திணறும் மோட்டார் பெரும்பாலும் பெட்ரோல் போதாமல் திணறுகிறது. அதை முறுக்கினால் புது பிஸ்டனும் போய்விடும். புது ரிங் பதியும் வரை பவர் கொஞ்சம் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் திணறி விழுவது ரன்னிங்-இன் சமாச்சாரம் அல்ல.

டிரம்மில் நன்றாக ஓடியதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐட்லிங்கில் மோட்டார் குடிக்கும் பெட்ரோல் சொற்பம். அது கார்புரேட்டரில் உள்ள சிறு துளையான ஐடில் ஜெட் வழியாகவே வந்துவிடும். வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட், பெட்ரோல் பம்ப், ஹோஸ் ஆகியவை எப்படி இருக்கின்றன என்பது படகின் பாரத்தை இழுக்கும்போதுதான் தெரியும்.

சோதனையை டேங்கிலிருந்து தொடங்குங்கள். எடுத்து வைக்கும் டேங்காக இருந்தால் மூடியில் காற்றுத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். அற்பக் காரணம்தான், ஆனால் இதற்காகவே மோட்டாரைப் பிரித்தவர்கள் உண்டு. பிறகு, ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் ஹோஸில் உள்ள பிரைமர் பல்ப்பை (அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டை) கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் திணறும்போது பல்ப் ஒட்டிச் சப்பையாகிறதா? அப்படியானால் அடைப்பு டேங்குக்கும் பல்ப்புக்கும் நடுவில் இருக்கிறது. பல்ப் சப்பையாகவில்லை, ஆனால் அழுத்தி அழுத்திக் கொடுத்தால் மோட்டார் உயிர் பெற்று வேகம் எடுக்கிறது என்றால், பம்ப் பலவீனமாக இருக்கிறது அல்லது ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கிறது. அழுத்தியும் மாற்றமே இல்லையென்றால் மெயின் ஜெட்டையும் ஸ்பார்க்கையும் சந்தேகிக்க வேண்டும். இது சில நொடிச் சோதனையாக இருக்கட்டும். ஓட்டுபவர் கில் சுவிட்ச் கயிற்றை (இழுபட்டால் மோட்டாரை அணைப்பது) கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

திணறும் நிலையிலேயே மோட்டாரை அணைத்து, கரைக்கு வந்ததும் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று கருப்பாக நனைந்தும் மற்றது சரியாகவும் இருந்தால், நனைந்த சிலிண்டரில் ஸ்பார்க் விட்டுப் போகிறது. ஒன்று வெளுத்து வறண்டிருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. வெளுத்த பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளி நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அதன் பிறகு மோட்டாரை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. கழுவித் துடைத்தது போல் ஒரு பிளக் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது என்று பொருள்.

ஸ்பார்க் பார்க்க, பிளக்கைச் சிலிண்டர் தலையில் சாய்த்துவைத்துப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும். இடைவெளி வைத்துச் சோதிக்கும் ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பல மாடல்களில் சுமார் 11 மில்லிமீட்டர் இடைவெளியை நீல நிறத்தில் வலுவாகத் தாண்ட வேண்டும். ஓட்டத்தில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதும் ஆபத்து. உங்கள் கைக்கும் ஆபத்து, இக்னிஷன் பெட்டிக்கும் ஆபத்து.

ரீபில்ட் செய்த மோட்டாருக்கே உரிய சில கோளாறுகளும் உண்டு. கிராங்க் ஆயில் சீலோ கிராங்க்கேஸின் இரு பாதிகள் சேரும் மூட்டோ காற்று இழுத்தால் கலவை கெடும். அந்தக் கோளாறு பெரும்பாலும் ஐட்லிங்கிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வேகம் ஏறி இறங்கும், ஐடில் திருகை எப்படித் திருப்பினாலும் நிலைக்காது. உங்கள் மோட்டார் ஐட்லிங்கில் சீராக இருப்பதால் என் சந்தேகம் அங்கே அதிகம் போகவில்லை. பிளைவீல் நட்டைச் சரியான டார்க்கில் இறுக்காமல் விட்டிருந்தால் பிளைவீலைக் கிராங்க்கோடு பூட்டும் சாவி பாதி அறுந்து, ஸ்பார்க் வரும் நேரமான டைமிங் நகர்ந்திருக்கலாம். ஸ்டார்ட் ஆகும், இழுவை இருக்காது. கார்புரேட்டர் திறப்பதும் டைமிங் முன்னேறுவதும் ஒன்றோடொன்று பொருந்தும்படி சரிசெய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. பிரித்துச் சேர்த்த பின் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விற்றவரிடம் இந்த இரண்டையும் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கூடுதலாக இருந்தாலும் ஆர்.பி.எம். ஏறாது. ஆனால் திணறாமல், ஒரே சீராகக் குறைவாக இருக்கும். நடுவில் உள்ள ரப்பர் வழுக்கினால் ஆர்.பி.எம். ஏறும், படகு போகாது. சில மாடல்கள் சூடு மிஞ்சினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் இது சுமார் 2500 ஆர்.பி.எம்.மில் நடக்கும். ஆகவே ஓரத்தில் வரும் சோதனைத் தண்ணீர்த் தாரையை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், சிலிண்டர் தலையின் சூட்டையும் அளந்து பாருங்கள்.

இனி விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "பழைய பிஸ்டன் ஏன் போனது?" ரீபில்ட் என்றால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றுவது. ஆனால் பழைய பிஸ்டனைத் தீர்த்த காரணம் பல நேரங்களில் அவற்றில் இருப்பதில்லை. வார்னிஷ் படிந்த மெயின் ஜெட், விறைத்துப்போன பம்ப் டயாஃப்ரம், தண்ணீர் பம்ப்பில் இறக்கை ஒடிந்த இம்பெல்லர் என்று வெளியே இருக்கும். அதைத் தொடாமல் புது பிஸ்டன் போட்டுக் கொடுப்பதை முழு வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்களா, பம்ப் கிட் மாற்றினார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் உங்கள் மோட்டாரின் கோளாறு எங்கே என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

காற்றுத் திருகு, பல்ப், பிளக், ஸ்பார்க் வரைதான் உங்கள் எல்லை. வாரண்டி இருக்கும்போது கார்புரேட்டரையோ தலையையோ நீங்கள் திறந்தால் பழி உங்கள் மேல் விழும். பிளக்குகளைப் படம் எடுங்கள், திணறுவதை ஒலியோடு வீடியோ எடுங்கள், தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். தண்ணீரில், உங்கள் படகில், முழு த்ராட்டிலில் ஓட்டிக் காட்டிய பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். மறுபடியும் "முறுக்கி ஓட்டுங்கள்" என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: ரீபில்ட் மோட்டாரின் கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் 118 பி.எஸ்.ஐ., மற்றதில் 92. "90-க்கு மேல் இருந்தால் போதும்" என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தனி எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கேஜுக்குக் கேஜ் அளவு மாறும், ஆகவே 118 என்பதே சரியான 118-ஆக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே கேஜில், ஒரே கையில், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஒருமுறை மறுபடி எடுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை சுற்றுங்கள். ஒரு பிளக்கை மட்டும் கழற்றி எடுத்தாலோ த்ராட்டில் மூடியிருந்தாலோ எண் பொய்யாக வரும். மறுபடியும் இதே வித்தியாசம் என்றால், குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு அளந்து பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) பக்கம், ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட் பக்கம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

"ரிங் இன்னும் பதியவில்லை" என்ற பதில் வரும். இரண்டு சிலிண்டரிலும் புது ரிங் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துதானே குறைவாக இருக்க வேண்டும்? ஒன்று மட்டும் இவ்வளவு பின்தங்கியிருப்பதைப் பார்த்தால், ஒரு சிலிண்டருக்கு மட்டும் வேலை செய்து முழு ரீபில்ட் என்று விற்றிருக்க வாய்ப்புண்டு. பில்லில் எத்தனை பிஸ்டன், எத்தனை ரிங் செட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ரன்னிங்-இன் முடியும் வரை எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்? பைக்குக்கு ஊற்றும் டூ ஸ்ட்ரோக் ஆயில் போதுமா?

பதில்: பைக் ஆயில் வேண்டாம். அது காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) தரம் என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலையே வாங்குங்கள். வழக்கமாக 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி கலக்கும் மோட்டார்களில், ரன்னிங்-இன்னுக்குப் பெரும்பாலும் 25:1, லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மாடல் புத்தகம் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பொதுவாக முதல் 10 மணி நேரம் இப்படி. புகை கூடும், பிளக் சீக்கிரம் கருக்கும், பயப்பட வேண்டாம். நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடாமல், ஒரே வேகத்திலும் வைக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

கேள்வி: ரீபில்ட் மோட்டார் வாங்கப் போகிறேன். பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: மோட்டாரின் சீரியல் எண். எந்தெந்த சிலிண்டர் போர் செய்யப்பட்டது (உள்ளே கடைந்து பெரிதாக்கப்பட்டது), என்ன ஓவர்சைஸ். மாற்றிய பாகங்களின் பட்டியல், அதில் கிராங்க் சீல், வாட்டர் பம்ப் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், பெட்ரோல் பம்ப் கிட், கார்புரேட்டர் கிட் உண்டா இல்லையா என்று தனித்தனியாக. டெலிவரி நாளில் எடுத்த கம்ப்ரஷன் அளவு.

வாரண்டி பவர்ஹெட்டுக்கு (மேலே உள்ள எஞ்சின் பகுதிக்கு) மட்டுமா, முழு மோட்டாருக்கா என்பதைச் சொல்லில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பவர்ஹெட்டுக்கு மட்டும் வாரண்டி தருபவர்கள், பெட்ரோல் வரத்துக் கோளாறால் பிஸ்டன் போனால் பொறுப்பில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த வரி இருந்தால் கார்புரேட்டரும் பம்பும் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். மோட்டாரை இறக்கி மாட்டும் கூலி யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பிராண்டையும் யோசியுங்கள். எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது. நல்ல மோட்டார்தான் என்றாலும், அந்தக் குறிப்பிட்ட மாடலுக்குப் பாகம் கிடைக்கிறதா என்று விற்பவரைத் தவிர இன்னும் இரண்டு பாகக் கடைகளில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.